நான்கு பெயர், ஒரே பூட்டு: கைமாறும் கார் ஃபெர்ரியின் முன்கதவைச் சோதித்துச் சரிசெய்வது

பழைய கார் ஃபெர்ரி ஒன்று விலைக்கு வந்தால், எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, அறைகள் எத்தனை, அடுத்த டிரை டாக் (கப்பலை நீருக்கு வெளியே எடுத்துப் பழுதுபார்ப்பது) எப்போது என்றுதான் வாங்குபவர்கள் முதலில் கேட்கிறார்கள். கார்கள் ஏறி இறங்கும் முன்கதவை ஒருமுறை திறந்து மூடிக் காட்டினால் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். இந்தப் பதிவு அந்த முன்கதவைப் பற்றியது. அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், மேல்நோக்கித் திறக்கும் வைசர் வகைக் கதவின் பூட்டுகளை எப்படி அளப்பது, எதை வெட்டி மாற்றுவது, கடைசியில் எப்படிச் சோதிப்பது என்று எழுதியிருக்கிறோம். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட கப்பல் 14 ஆண்டுகளில் நான்கு பெயர்களில் ஓடியது. கடைசிப் பெயர் எஸ்தோனியா. அந்தப் பெயரில்தான் 1994-இல் வைசர் விழுந்து அது மூழ்கியது.

வேலைக்குள் இறங்கும் முன் அதன் உடலின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். பூட்டில் ஏறும் பாரம் எவ்வளவு என்பது அந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

ஜெர்மனியின் பாப்பன்பர்க்கில் மெயர் வெர்ஃப்ட் கட்டிய கப்பல் அது. முதலில் கேட்ட நார்வே நிறுவனம் பின்வாங்கியதும் பின்லாந்தின் சாலி நிறுவனம் எடுத்துக்கொண்டது. அதே தளத்தில் 1979-இல் கட்டிய தியானா 2 என்ற கப்பலைப் போலவே 137 மீட்டரில் கட்ட நினைத்ததைச் சுமார் 155 மீட்டராக நீட்டி, 1980 ஜூன் கடைசியில் வைக்கிங் சாலி என்ற பெயரில் ஒப்படைத்தார்கள். அகலம் 24.2 மீட்டர், நீரில் அமிழும் ஆழம் 5.55 மீட்டர். நான்கு மேன் 8எல்40/45 டீசல் எஞ்சின்கள் சேர்ந்து சுமார் 17,600 கிலோவாட் தந்தன. வேகம் 21 நாட் (மணிக்கு 21 கடல் மைல்). 2,000 பயணிகளும் 460 கார்களும் போகலாம்.

பத்தாண்டு காலம் துர்கு, மாரியஹாம்ன், ஸ்டாக்ஹோம் என்று ஓடியது. ஓலந்து தீவுக் கூட்டத்தின் இடுக்குகள் வழியாகப் போகும் பாதை அது. வழியின் பெரும்பகுதியில் காற்றையும் அலையையும் தீவுகளே தடுத்துவிடும். 1987-இல் சாலி நிறுவனத்தையே எஃபோவா, ஜான்சன் லைன் என்ற இரண்டு கப்பல் நிறுவனங்களும் சேர்ந்து வாங்கின. 1990-இல் கப்பல் சில்யா ஸ்டார் ஆயிற்று. 1991-இல் வாசா கிங் என்ற பெயரோடு போத்னியா வளைகுடாவின் வாசா, ஊமெயோ, சுன்ட்ஸ்வால் துறைகளுக்கு மாறியது. 1993 ஜனவரியில் மறுபடியும் விற்பனை. சுவீடனின் நோர்ட்ஸ்ட்ரோம் அண்டு தூலினும் எஸ்தோனிய அரசுக் கப்பல் நிறுவனமும் கூட்டாக நடத்திய எஸ்ட்லைன், தாலின்–ஸ்டாக்ஹோம் வழியில் எஸ்தோனியா என்ற பெயரில் ஓட்டியது.

இந்த ஆண்டுகளில் கப்பலில் வேலை நடக்காமல் இல்லை. 1980களின் நடுவில் அமரத்தில் (பின்முனையில்) வாத்துவால் எனப்படும் நீட்சியைச் சேர்த்தார்கள். 1994 தொடக்கத்தில் பக்க ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகள் பொருத்தப்பட்டன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பெயரும் வண்ணமும் மாறின. அணியத்தின் பூட்டுகள் மட்டும் 1980-இல் வடிவமைத்தபடியே இருந்தன. தீவுகளுக்குள் ஓடிய கப்பல் திறந்த பால்டிக் கடலுக்கு வந்தது. அந்தக் கடலுக்கு இந்தப் பூட்டு போதுமா என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பழைய ஃபெர்ரி வாங்கும் ஒவ்வொருவரும் முதல் நாளே போட வேண்டிய கணக்கு அது.

பாரம் எங்கிருந்து வருகிறது

வைசர் என்பது அணியத்தின் வெளித்தோலையே கழற்றிக் கதவாக்கியது போன்றது. எஸ்தோனியாவின் வைசர் 50 டன்னுக்கு மேல் எடை. மேல்தளத்தில் பின்பக்கமாக இரண்டு கீல்கள். அவற்றைச் சுற்றித்தான் அது மேலே எழும். தூக்குவதற்கு இரண்டு ஹைட்ராலிக் சிலிண்டர்கள். கீழே நடுவில் ஓர் அடிப்பூட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பக்கப்பூட்டுகள். இவை ஹைட்ராலிக்கில் இயங்குபவை. கூடவே கையால் போடும் இரண்டு பூட்டுகளும் இருந்தன.

வைசர் மேலே விரிந்து சரிந்த வடிவம். எதிரலையில் அணியம் அமிழும்போது தண்ணீர் அந்தச் சரிவின் அடியில் மோதி, அதை மேலும் பின்னுமாகத் தள்ளும். கீல் பின்னால் இருப்பதால் அந்தத் தள்ளல் கதவைத் திறக்கும் திசையில் வேலை செய்கிறது. வைசரின் சொந்த எடை மூடும் திசையில் இழுக்கிறது. மிச்சம் முழுவதையும் பூட்டுகள்தான் தாங்க வேண்டும். ரப்பர் சீலோ, சிலிண்டரோ இந்தப் பாரத்தைத் தாங்க வடிவமைக்கப்பட்டவை அல்ல.

எஸ்தோனியாவுக்குப் பிறகு, 1995-இல், கப்பலின் கட்டமைப்பை ஆய்ந்து சான்று தரும் வகைப்பாட்டுச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஐ.ஏ.சி.எஸ் தன் எஸ்8 விதியைத் திருத்தி முன்கதவுகளுக்கான அழுத்தக் கணக்கைக் கடுமையாக்கியது. அந்தச் சூத்திரத்தைச் சொல்லால் எழுதினால் இப்படி வரும். வேகத்தை நாட் அளவில் எடுத்து, 0.4 ஆலும் நுழைகோணத்தின் (அணியத் தகடு கப்பலின் நீளவாக்குக் கோட்டோடு செய்யும் கோணம்) சைன் மதிப்பாலும் பெருக்கு. கப்பல் நீளத்தின் வர்க்கமூலத்தை 0.6 ஆல் பெருக்கி அதோடு கூட்டு. வந்ததை வர்க்கப்படுத்து. பிறகு, சரிவுக்கோணத்தின் (தகடு செங்குத்திலிருந்து வெளியே சாய்ந்திருக்கும் கோணம்) டேன் மதிப்பை 0.15 ஆல் பெருக்கி 0.22 சேர்த்து வரும் எண்ணாலும், 2.75 ஆலும், கடைசியாகக் கடல் வகைக்கான லாம்டா என்ற எண்ணாலும் பெருக்கு. 80 மீட்டருக்குக் குறைவான கப்பலுக்கு இன்னொரு குறைப்பு எண்ணும் உண்டு. விடை சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ நியூட்டன் என்று வரும்.

நீளம் 150 மீட்டர், வேகம் 20 நாட், நுழைகோணம் 45 பாகை, சரிவு 30 பாகை என்று ஒரு கப்பலை வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 5.66 + 7.35 = 13.0. வர்க்கம் 169. அதை 0.307 ஆலும் 2.75 ஆலும் பெருக்கினால் சுமார் 142. இனி லாம்டாவைப் பாருங்கள். திறந்த கடலுக்கு 1, கரையோரத்துக்கு 0.8, ஒதுக்குப்புற நீர்ப்பரப்புக்கு 0.5. அதே கப்பல், அதே கதவு. ஒதுக்குப்புறத்தில் 71, திறந்த கடலில் 142. உரிமையாளர் வழித்தடத்தை மாற்றிய அன்றைக்கே பூட்டின் வேலை இரட்டிப்பாகிவிடுகிறது. விதியில் வேகம் என்பது ஒப்பந்த வேகம்தான். ஆனாலும் வேகத்தைக் குறைத்தால் பாரம் எவ்வளவு இறங்கும் என்று அறிய அதே சூத்திரத்தில் 14 நாட் போட்டுப் பார்க்கலாம். 142 சுமார் 108 ஆகிறது. எதிரலையில் வேகத்தைக் குறைக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

மூடிய நிலையில் அளவு

கார், லாரி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, பேலஸ்ட் (சமநிலைத் தொட்டிகளின் நீர்) மாற்றிக் கப்பலை நிமிர்த்திய பிறகே அளக்கவும். பக்கச்சாய்வோடு எடுத்த இடைவெளி அளவுகளை நம்ப முடியாது. கையில் இருக்க வேண்டியவை: நீண்ட இதழ்களுள்ள ஃபீலர் கேஜ், மைக்ரோமீட்டர், உள்விட்டம் அளக்கும் போர் கேஜ், வெல்டு கேஜ், அல்ட்ராசோனிக் தடிப்புமானி, காந்தத் துகள் சோதனைக் கருவி. இவற்றோடு அந்தக் கப்பலுக்கே உரிய, கட்டி முடித்த நிலை வரைபடம். அந்த வரைபடம் இல்லையென்றால் அதைத் தேடிப் பெறுவதே முதல் வேலை. அதே வடிவில் கட்டிய இரட்டைக் கப்பலின் வரைபடத்தை வைத்து வேலை தொடங்கக் கூடாது.

வைசரை மூடிப் பூட்டி, தாங்கு முட்டுகள் (மூடிய கதவு உட்காரும் இடங்கள்), மூன்று பூட்டுகள், இரண்டு கீல்கள் என்று எல்லா இடத்திலும் இடைவெளியை எழுதுங்கள். பூட்டிலும் முட்டிலும் வடிவமைப்பு இடைவெளி பொதுவாக 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது எஸ்8 சொல்லும் வரம்பு. அதற்கு மேல் ஆடினால், ஒவ்வோர் அலைக்கும் வைசர் தனியாக எழுந்து பூட்டை இடிக்கும். இழுவிசையைத் தாங்குவதற்கென்று போட்ட லக் (பூட்டு போல்ட் நுழையும் துளையுள்ள தடித்த தகடு) சுத்தியடி வாங்கும்.

அடுத்து ஹைட்ராலிக் பம்பை நிறுத்தி அழுத்தத்தை முழுக்க வெளியேற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அதே இடங்களில் இரண்டாவது முறை அளவு எடுங்கள். இரண்டு வாசிப்புக்கும் வித்தியாசம் இருந்தால், வைசரை இதுவரை பிடித்துக்கொண்டிருந்தது சிலிண்டர் என்று பொருள். எண்ணெய் முழுவதும் போனாலும் பூட்டு தானாகவே பூட்டிய நிலையில் நிற்க வேண்டும். இந்த இரண்டாவது வாசிப்பைப் பல இடங்களில் எடுப்பதே இல்லை. மொத்தச் சோதனையில் மிக மலிவானதும் மிக அதிகம் சொல்வதும் இதுதான்.

திறந்த நிலையில் அளவு

வைசரைத் தூக்கியதும், திறந்த நிலையில் அதை நிறுத்தும் இயந்திரத் தாங்குகளைப் போட்டு, அவை பாரம் ஏற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடியில் ஆள் போகலாம். சிலிண்டரை நம்பி யாரும் உள்ளே நுழையக் கூடாது.

பூட்டு போல்ட்டையும் லக்குகளையும் பெயின்ட், கிரீஸ் எதுவும் இல்லாமல் வெறும் இரும்பு தெரியச் சுத்தம் செய்யுங்கள். போல்ட்டின் விட்டத்தை மூன்று இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் செங்குத்தாக ஒன்று, கிடையாக ஒன்று என்று அளக்கவும். துளைகளையும் அப்படியே. துளை வட்டமாக இல்லாமல் நீண்டிருந்தால், எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று பாருங்கள். வைசர் லக்கின் துளையில் கீழ்விளிம்பும் கப்பல் பக்க லக்குகளின் துளையில் மேல்விளிம்பும் தேய்ந்திருந்தால், வைசர் கடலில் மேலே எழுந்து எழுந்து இழுத்திருக்கிறது. இதற்கு மாறாக வைசர் லக்கின் மேல்விளிம்பு தேய்ந்திருந்தால், வைசரின் எடை போல்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தாங்கு முட்டுகள் தேய்ந்துவிட்டன. முதல் வகைக்கு வலுவூட்டல் தேவை. இரண்டாவது வகைக்கு முட்டுகளைச் சரிசெய்யாமல் போல்ட்டை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை.

அடுத்தது வெல்டு. லக்கைச் சுற்றி உள்ள ஒவ்வொரு வெல்டையும் கேஜ் வைத்துத் தொண்டைத் தடிப்பு (வெல்டின் மிக மெல்லிய இடத்துத் தடிப்பு) அளந்து, காந்தத் துகள் சோதனையும் செய்ய வேண்டும். இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். சாதாரண எஃகுக்கு எஸ்8 அனுமதிக்கும் வெட்டு அழுத்தம் ஒரு சதுர மி.மீ.க்கு 80 நியூட்டன். 80 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டை இரண்டு பக்கமும் லக் பிடித்திருந்தால் வெட்டுப் பரப்பு சுமார் 10,050 சதுர மி.மீ.; அது சுமார் 800 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 82 டன் தாங்கும். அதே லக்கை 300 மி.மீ. நீளத்துக்கு இரண்டு பக்கமும் 3 மி.மீ. தொண்டையுள்ள ஃபில்லெட் வெல்டால் ஒட்டியிருந்தால், வெல்டு தாங்குவது 144 கிலோ நியூட்டன். 15 டன்கூட இல்லை. தொண்டை 7 மி.மீ. என்றாலும் 34 டன்தான். பளபளக்கும் போல்ட்டைப் பார்த்து யாரும் ஏமாறக் கூடாது. ஆய்வறிக்கைகளில் போல்ட்டின் விட்டம் மட்டும் எழுதி, வெல்டின் தொண்டையை எழுதாமல் விட்டிருந்தால் அந்த அறிக்கையை ஏற்க வேண்டாம்.

லக்கின் பின்புறத்தையும் மறக்காமல் பார்க்க வேண்டும். லக் ஒட்டியிருக்கும் தகட்டின் பின்னால் நேர்கோட்டில் விறைப்புப் பட்டியோ சட்டமோ இருக்கிறதா? இல்லையென்றால் லக்கும் வெல்டும் பிழைத்து, தகடு கிழிந்துவரும். பக்கப்பூட்டு லக்குகள் வைசரின் பின்சுவர்த் தகட்டோடு கிழிந்து வருவது இந்த வகைத் தோல்வி. எஸ்தோனியாவில் நடந்ததும் அதுதான்.

பால்டிக் போன்ற குளிர்கடலில் ஓடிய கப்பலாக இருந்தால் பனிக்கட்டியின் தடத்தையும் தேடுங்கள். வைசருக்கும் உடலுக்கும் நடுவில் நசுங்கிய பனிக்கட்டி சீலைக் கிழிக்கும், அடித்தகட்டை உள்வாங்க வைக்கும், முட்டுகளின் உட்காரும் இடத்தை நகர்த்தும். அடித்தகட்டின் தடிப்பை அல்ட்ராசோனிக்கில் எடுத்து வரைபடத் தடிப்போடு ஒப்பிட வேண்டும். உப்புநீர் தேங்கும் மூலைகளில் குழித்துரு ஆழமாக இருக்கும். சராசரி எடுத்தால் அது மறைந்துபோகும்.

லக் மாற்றும் வேலை

துளை நீண்ட லக்கை வெல்டால் நிரப்பி மறுபடியும் துளையிடுவது வேகமான வழி. வகைப்பாட்டுச் சங்கத்தின் சர்வேயர் எழுதித் தராமல் அதைச் செய்ய வேண்டாம். நிரப்பிய வெல்டின் ஓரத்தில் கடினமான பட்டை உருவாகி, அடுத்த விரிசல் அங்கிருந்தே தொடங்கும். வெட்டி எடுத்துப் புதியது வைப்பதே சரி.

1. வேலை தொடங்கும் முன் வரைபடம், பொருள் சான்றிதழ், வெல்டிங் செயல்முறை, வெல்டரின் தகுதிச் சான்று நான்கையும் சர்வேயரிடம் ஒப்படையுங்கள். பொருத்தி முடித்ததும், வெல்டு முடிந்ததும் அவர் வந்து பார்க்கும் வரை நிறுத்த வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

2. பழைய லக்கை அடித்தகட்டுக்குச் சில மி.மீ. மேலே வெட்டி, மிச்சத்தை அரைத்து எடுக்கவும். தகட்டைக் குடைந்துவிடக் கூடாது. அரைத்த இடத்தில் காந்தத் துகள் சோதனை செய்தால் பழைய விரிசல் தகட்டுக்குள் இறங்கியிருக்கிறதா என்று தெரியும். இறங்கியிருந்தால் தகட்டையும் ஒரு துண்டு மாற்ற வேண்டும்.

3. புது லக்குகளைத் துளையைச் சிறிதாக விட்டே கொண்டுவாருங்கள். கடைசி அளவுக்குத் துளையிடுவது வெல்டுக்குப் பிறகு. டம்மி போல்ட் ஒன்றை மூன்று லக்குகளின் ஊடாகவும் செருகி, வைசர் மூடிய நிலையில் டாக் வெல்டு (தற்காலிகப் புள்ளி வெல்டு) போடுங்கள். வைசரைத் திறந்துவைத்து அளவுநாடாவை நம்பிப் பொருத்தினால், மூடும்போது போல்ட் ஒரு பக்கம் உரசும்.

4. லக்கின் இரண்டு விளிம்பையும் சரித்து, முழு ஊடுருவல் வெல்டு போட வேண்டும். முதல் பக்கம் முடிந்ததும் மறுபக்கத்திலிருந்து வேரைக் குடைந்து நல்ல இரும்பு வரும் வரை எடுத்து, பிறகு நிரப்ப வேண்டும். குறைந்த ஹைட்ரஜன் ராடு, ஈ7018 வகை. உற்பத்தியாளர் சொன்னபடி, பொதுவாக 300 முதல் 350 பாகை செல்சியசில், சுட வைத்து, சூட்டுப்பெட்டியில் வைத்தே பயன்படுத்தவும். கடலோர டாக்கில் திறந்து கிடந்த ராடு ஈரம் குடித்திருக்கும். தடித்த லக்குக்கு முன்சூடு கட்டாயம். எத்தனை பாகை என்பது எஃகின் கார்பன் சமானத்தையும் தடிப்பையும் பொறுத்தது, அது வெல்டிங் செயல்முறைத் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

5. இடம், வலம் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் லக் சாயும். டம்மி போல்ட் இறுகி வெளியே வராது.

6. விரிசல் சோதனையை வெல்டு ஆறியதும் செய்துவிட்டுப் போகக் கூடாது. ஹைட்ரஜன் விரிசல் தாமதமாகத் திறக்கும். 48 மணி நேரம் கழித்துக் காந்தத் துகளும் அல்ட்ராசோனிக்கும் செய்யுங்கள். கப்பல் டாக்கை விட்டுப் போக அவசரப்படுத்தும்போது முதலில் வெட்டப்படுவது இந்தக் காத்திருப்புதான். விட்டுக்கொடுக்கக் கூடாது.

7. கடைசியாக லைன் போரிங். மூன்று துளைகளையும் ஒரே அச்சில் துளையிட்டு, புஷ் (துளையின் உள்வளையம்) இறுக்கி, புதிய போல்ட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். ஹைட்ராலிக் இல்லாமல் சீராக ஓட வேண்டும்.

பிறகுதான் தாங்கு முட்டுகளுக்கு ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) வைப்பது. வைசர் முட்டுகளில் முழுதாக உட்கார்ந்து, போல்ட் பாரம் இல்லாமல் இருக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் முதலில் செய்த வேலை எல்லாம் வீண்.

சீல்

சீலின் விளிம்பில் சாக்குக்கட்டி தடவி மூடித் திறந்தால், எதிர்ப்பக்கத்தில் தடம் படாத இடத்தில் ரப்பர் தொடவில்லை என்று தெரியும். அதன் பிறகு நீர்ச் சோதனை. குறைந்தது 2 பார் அழுத்தம், 12.5 மி.மீ. நாசில், 1.5 மீட்டருக்குள் நின்று சீல் நெடுகப் பீய்ச்ச வேண்டும். உள்ளே ஒருவர் விளக்கோடு நிற்க வேண்டும். ஒழுகினால் ரப்பரையோ அது உட்காரும் பட்டையையோ சரிசெய்யுங்கள். பூட்டை இன்னும் இறுக்கி ஒழுகலை நிறுத்தும் பழக்கம் பூட்டைக் கெடுக்கும். வைசருக்குள் தண்ணீர் இருப்பது வழக்கம்தான் என்று பணியாளர்கள் பழகிப்போன கப்பலில், பூட்டு தளர்ந்ததும் அதே தண்ணீராகத்தான் தோன்றும்.

விளக்கு எதைச் சொல்கிறது

1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஸீப்ரூக்கே துறையிலிருந்து ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ் முன்கதவு திறந்தபடியே கிளம்பிக் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவு திறந்திருக்கிறது என்று சொல்ல மேல்மாடத்தில் (கப்பலை ஓட்டும் அறையில்) ஒரு விளக்குகூட இல்லை. 1988-இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையான சோலாஸ் விதியைத் திருத்தி விளக்கைக் கட்டாயமாக்கினார்கள். எஸ்தோனியாவில் விளக்கு இருந்தது. ஆனால் அது போல்ட்டின் நிலையை மட்டும் சொன்னது. லக் கிழிந்து வைசர் போய்விட்டாலும் போல்ட் நீட்டிய நிலையில் நின்றால் விளக்கு பூட்டியதாகவே காட்டும். மேல்மாடத்திலிருந்து வைசர் கண்ணுக்கும் தெரியாது. ராம்ப்பின் (வைசருக்குப் பின்னால் உள்கதவாக நிற்கும், கார்கள் ஏறும் சாய்தளம்) ஓரங்களில் தண்ணீர் வருவதை முதலில் பார்த்தது எஞ்சின் கட்டுப்பாட்டு அறையின் கேமராத் திரையில்.

ஆகவே ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு சென்சார் வேண்டும்: போல்ட் நீண்டிருக்கிறதா என்று ஒன்று, கதவு முட்டில் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒன்று. இரண்டாவது சென்சாரின் இலக்கு வைசரில் இருக்க வேண்டும், உடலில் அல்ல. எல்லாம் தொடராக இணைந்து, ஒன்று விலகினாலும் பச்சை அணைய வேண்டும். சோதிக்கும்போது ஒவ்வொரு சென்சாரின் கேபிளையும் கழற்றிப் பாருங்கள். கேபிள் அறுந்தால் பச்சையே எரிந்துகொண்டிருக்கும் அமைப்பை வைத்துக் கடலுக்குப் போகக் கூடாது. இணைப்புப் பெட்டிக்குள் உப்புநீர் இறங்குவதும், சென்சார் இடைவெளி நகர்வதும் அன்றாடக் கோளாறுகள். விளக்கு அடிக்கடி பொய் சொன்னால் பணியாளர்கள் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். அந்தக் கோளாறைச் சின்னது என்று பட்டியலின் அடியில் தள்ளக் கூடாது. கதவுக்கும் ராம்ப்புக்கும் நடுவில் தண்ணீர் 0.5 மீட்டரைத் தாண்டும் முன் மேல்மாடத்தில் ஒலி எழ வேண்டும். பக்கெட்டால் ஊற்றிச் சோதிக்காமல் அளவுகோல் வைத்துத் தண்ணீர் நிரப்பிச் சோதியுங்கள்.

ராம்ப்பின் தலை

எஸ்தோனியாவில் வைசருக்குப் பின்னால் இருந்த ராம்ப்பின் மேல்முனை, வைசரில் கட்டிய ஒரு பெட்டிக்குள் நுழைந்து நின்றது. வைசர் விழுந்தபோது ராம்ப்பையும் இழுத்துத் திறந்தது. உள்கதவு வெளிக்கதவிலிருந்து முழுக்கத் தனித்து நிற்க வேண்டும். ஒன்று போனால் மற்றது அசையக் கூடாது. உங்கள் கப்பலில் இந்தப் பெட்டி இருந்தால் பூட்டை எவ்வளவு பலப்படுத்தினாலும் குறை தீராது. பெட்டியை நீக்கி, தனி உள்கதவு வைக்க வேண்டும். அது முடியாதென்றால் வைசரையே உடலோடு வெல்டு செய்து மூடிவிட்டு, அமரக் கதவை மட்டும் பயன்படுத்தலாம். 1994-க்குப் பிறகு பல ஃபெர்ரிகளில் அப்படித்தான் செய்தார்கள். துறையில் கார் இறக்கக் கூடுதல் நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கொடுப்பதே மேல்.

இதில் காகிதச் சிக்கலும் உண்டு. எஸ்தோனியாவில் மோதல் தடுப்புச் சுவரின் (அணியம் அடிபட்டால் தண்ணீரைத் தடுக்கும் சுவர்) மேல்நீட்சியாக ராம்ப்பையே கணக்கில் எடுத்திருந்தார்கள். அது சோலாஸ் கேட்கும் இடத்துக்கு முன்னால் இருந்தது. அப்படி இருக்கத் தரும் விலக்கு, கரையிலிருந்து 20 கடல் மைலுக்குள் ஓடும் கப்பலுக்குத்தான் பொருந்தும். தாலின்–ஸ்டாக்ஹோம் வழி அந்த எல்லையைத் தாண்டுகிறது. விலக்குச் சான்றிதழ் ஒவ்வொன்றையும் எடுத்து, அதன் நிபந்தனை புதிய வழித்தடத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது வாங்குபவரின் வேலை.

தண்ணீர் கார்த்தளத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு போதும். 100 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் தடுப்பில்லாத தளம். கப்பல் 12,000 டன். தளத்தில் பரவிய தண்ணீர் தடையின்றிப் பக்கவாட்டில் ஓடுவதால் (தளர்பரப்பு) நிலைப்பு உயரத்தில் (சாய்ந்தால் நிமிரும் திறனின் அளவு) ஏற்படும் இழப்பு, சின்னச் சாய்வுக்கு, சுமார் 5.7 மீட்டர். இத்தகைய கப்பலுக்கு இருப்பதோ ஓரிரு மீட்டர். 1994 செப்டம்பர் 28 அதிகாலை 1.22 மணிக்கு எஸ்தோனியாவின் அபாய அழைப்பு, 1.50 மணிக்கு ராடாரில் மறைவு. 989 பேரில் 852 பேர் இறந்தார்கள். 1996-இன் ஸ்டாக்ஹோம் உடன்பாடு கார்த்தளத்தில் 0.5 மீட்டர் வரை தண்ணீர் இருப்பதாக வைத்து நிலைப்பைக் காட்டச் சொல்கிறது. 1996-க்கு முன் கட்டிய கப்பலை வாங்கினால் இந்தக் கணக்கு யாரால், எந்த அலை உயரத்துக்குப் போடப்பட்டது என்று கேளுங்கள்.

எடையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான். ஒவ்வோர் உரிமையாளரும் மேலே ஏதாவது கட்டுகிறார். யாரும் எதையும் இறக்குவதில்லை. 1994-இல் ஜப்பானில் நாமினோயுவே என்ற பெயரில் கட்டிய ஃபெர்ரியை 2012-இல் தென்கொரிய நிறுவனம் வாங்கி, மேல்தளங்களில் அறைகளைக் கூட்டி, செவோல் என்று ஓட்டியது. மாற்றத்துக்குப் பிறகு அனுமதிக்கப்பட்ட சரக்கு 987 டன். 2014 ஏப்ரல் 16 அன்று ஏற்றியிருந்தது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பயணிகள் கப்பலுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெற்று எடைச் சோதனை உண்டு. வெற்று எடை 2 சதவீதத்துக்கு மேல் மாறினாலோ, நீளவாக்கு எடைமையம் கப்பல் நீளத்தின் 1 சதவீதத்துக்கு மேல் நகர்ந்தாலோ, மறுபடியும் சாய்வுச் சோதனை (கப்பலைச் சற்றே சாய்த்து எடைமையத்தைக் கண்டறிவது) கட்டாயம். வாங்கும் அன்றே, ஐந்தாண்டுக்குக் காத்திராமல் இதைச் செய்துகொள்வது நல்லது.

விற்பவரிடம் கேட்க வேண்டிய தாள்கள்

தியானா 2-இன் வைசர் பூட்டுகள் 1993 ஜனவரியில் ட்ரெல்லபோர்க்–ரோஸ்டாக் வழியில் மோசமான கடலில் உடைந்தன. அதே மாதம்தான் வாசா கிங் கைமாறி எஸ்தோனியா ஆனது. ஒரே தளத்தில், ஒரே வகைப் பூட்டோடு கட்டிய இரண்டு கப்பல்கள். ஒன்றில் உடைந்த செய்தி மற்றொன்றை எட்டவில்லை. இதைத்தான் நாங்கள் மிகுந்த வருத்தத்தோடு திரும்பத் திரும்பச் சொல்கிறோம். உடலை வாங்கினால் அதன் உடன்பிறப்புகளின் விபத்துப் பதிவுகளையும் கேட்டு வாங்க வேண்டும். கட்டிய தளத்திடமும், வகைப்பாட்டுச் சங்கத்திடமும், இரட்டைக் கப்பலின் இப்போதைய உரிமையாளரிடமும் தனித்தனியே எழுதிக் கேளுங்கள். ஒருவர் சொல்லாததை மற்றவர் சொல்லக்கூடும்.

கூடவே முன்கதவின் மாதாந்திர ஆய்வுப் பதிவேடு, பூட்டுப் பழுதுகளின் டாக் பில்கள், கடும் வானிலைக்குப் பிறகு எடுத்த இடைவெளி அளவுகள், பூட்டுக்குப் போட்ட மூலக் கணக்கு ஆகியவையும் வேண்டும். பில்லில் பூட்டு பழுது என்று மொட்டையாக எழுதியிருந்தால், எந்த லக், எந்தப் பக்கம் என்று பழைய தலைமை எஞ்சினியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் இரண்டு முறை வேலை நடந்திருந்தால் அது தேய்மானம் அல்ல, வடிவமைப்புக் குறை.

பழுது முடிந்து ஓடத் தொடங்கியதும் எல்லா இடைவெளிகளையும் மாதம் ஒருமுறை அளந்து அதே தாளில் தேதியோடு எழுத வேண்டும். எதிரலையில் ஓடி வந்தால் மாதக் கணக்கைப் பார்க்காமல், கார்கள் இறங்கியவுடன், அடுத்த சுமை ஏறும் முன் அளக்கவும். எண் அரை மி.மீ. கூடினாலும் அந்தப் பூட்டைச் சுத்தம் செய்து காந்தத் துகள் சோதனை செய்யுங்கள். 3 மி.மீ.யைத் தாண்டினால் சர்வேயர் வரும் வரை அந்தக் கதவோடு திறந்த கடலுக்குப் போக வேண்டாம்.